பெயர்ப்பலகையும் சேர்க்கைப் பதிவேடும்



சற்றுமுன் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. வீட்டுப் பீரோவில் இப்படி இருபதுக்குக் குறையாமல் கிடக்கின்றன. கிழித்துக் கைத்துணியாக்கினால் தண்ணீர்கூட உறிஞ்சாது என்பது என் மனைவியின் குறை. ஆனாலும் போர்த்தும்போது தோள் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஒரு கல்லூரி யாருக்குப் போர்த்துகிறது, யார் படத்தைத் திறக்கிறது, யார் பெயரைக் கல்லில் வெட்டுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. எடுத்துக்கொண்ட களம் அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வந்தது நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரிக்கு வெள்ளிவிழா வந்தது. மலர்க்குழுவில் என்னையும் போட்டார்கள். கல்லூரி வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் ஆண்டு சேர்ந்த மாணவர்களின் பெயர் வேண்டுமென்று அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் ஓர் இரும்பு அலமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். தூக்கும்போதே அடியிலிருந்து மண் கொட்டியது. இரும்பு அலமாரிக்குள் கரையான் எப்படிப் போனது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நடுப்பக்கங்களில் ஒரு கோடு மாதிரி ஓரம் மட்டும் மிச்சம். அதில் வரிசை எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. அதே கட்டடத்தின் மாடியில், முதல்வர் அறைச் சுவரில், இருபத்தைந்து ஆண்டு விழாக்களுக்கு வந்த இருபத்தைந்து சிறப்பு விருந்தினர்களின் படங்களும் கண்ணாடிச் சட்டம் போட்டு, பதவியோடு, ஆண்டு வாரியாகத் தொங்கின. ஒன்றில்கூடத் தூசி இல்லை.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தவர் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். "மொதல் செட்டுல நாப்பத்திரண்டு பேருங்கய்யா. பாதிப் பேரு பேரு வருது, பாதிப் பேருக்கு மூஞ்சிதான் வருது" என்றார். பத்தொன்பது பெயர் சொன்னார். அதில் ஒரு பையன் காலையில் பால் ஊற்றிவிட்டு, காலிக் கேன்களோடு சைக்கிளில் நேரே வகுப்புக்கு வருவானாம். மலர் வெளிவந்தது. வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் போக வரலாற்றுக்கு நான்கு பக்கம் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது பெயர்களுக்கு இடமில்லை.

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே சமுதாயக் கல்லூரி என்பது இரண்டாண்டுக் கல்லூரி. உள்ளூர்க் கல்லூரி, கட்டணம் குறைவு, பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம். செவிலியர் படிப்பு, பற்றவைப்பு, கணக்குப்பதிவு போன்ற தொழில் படிப்பைப் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அல்லது இரண்டாண்டை அங்கே முடித்து மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் மாறிக்கொள்ளலாம். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர்கள், பிள்ளை பெற்ற பின் படிக்க வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் விடுதி கிடையாது. வகுப்பு முடிந்தால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஞாபகம் தங்குவது கஷ்டம். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பழைய மாணவர் சங்கம் உண்டு, பணம் கொடுக்கப் பணக்காரப் பேரன்கள் உண்டு. இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தவன் அதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுவதே அபூர்வம். பிறகு சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் எழுதுவான். ஆகவே இந்தக் கல்லூரிகள் யாரை நினைவுகூர்கின்றன என்பதைத் தாமே யோசித்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அவற்றின் தேர்வு என்னை ஈர்ப்பது இதனால்தான்.

முதலாவது ஜோலியட். சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஊர். அன்று அங்கே சுண்ணாம்புக்கல் குவாரி, எஃகு ஆலை, ஒரு பெரிய சிறைச்சாலை இருந்தன. இன்றைக்கும் நடக்கும் அரசு சார்ந்த இரண்டாண்டுக் கல்லூரிகளில் மூத்தது ஜோலியட் ஜூனியர் கல்லூரி. பிறந்த ஆண்டு 1901. பிறப்புச் சான்றிதழில் இரண்டு பேரின் பெயர் இருக்கும். ஒருவர் ஜே. ஸ்டான்லி பிரவுன், ஊர் உயர்நிலைப்பள்ளியின் தலைவர். மற்றவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர்.

ஹார்ப்பர் ஒரு விசித்திரப் பிறவி. 1856இல் ஓஹயோவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதில் கல்லூரி, பதினான்கில் பட்டம், இருபது தொடுமுன் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர். எபிரேய மொழி அறிஞர். எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் பணத்தில் 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தவர். கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டாண்டு உண்மையில் பள்ளிப் படிப்பின் நீட்சிதான் என்பது அவர் கட்சி. தன் பல்கலைக்கழகத்திலேயே ஜூனியர், சீனியர் என்று இரண்டாகப் பிரித்தார். அந்த ஜூனியர் பகுதியைப் பள்ளிகளே நடத்திக்கொண்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைப் பார்க்கலாமே என்றும் நினைத்தார். எளியவருக்குக் கதவு திறந்த வள்ளல் என்று இவரை விழா மேடையில் வர்ணிப்பது எளிது. எனக்கென்னவோ, தன் வீட்டுக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் இரைச்சல் வேண்டாம் என்று நினைத்த பெரியவராகவும் அவர் தெரிகிறார். பிரவுனின் கவலை வேறு. ஊரை விட்டு வெளியே போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டு படிக்க வேண்டும். ஒருவருக்குப் பாரம் குறைய வேண்டும், மற்றவருக்குப் பாதை வேண்டும். இரண்டும் ஒரே வாசலில் முடிந்தன.

அந்த வாசலில் நுழைந்தவர்கள் ஆறு பேர். அடிக்கல் இல்லை, ரிப்பன் இல்லை, தனிக் கட்டடமும் இல்லை. ஏற்கெனவே இருந்த பள்ளிக்கூடத்தில் பள்ளி முடித்த ஆறு பேர் மேல்வகுப்புப் பாடம் படித்தார்கள். மறு ஆண்டு, 1902 டிசம்பரில்தான் பள்ளிக் குழு இதை முறைப்படி ஏற்றுக் கட்டணமில்லாமல் நடத்த இசைந்தது. ‘ஜோலியட் ஜூனியர் கல்லூரி’ என்ற பெயர் நிலைத்தது அதற்கும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு கழித்து. ஆனாலும் கல்லூரி தன் நூற்றாண்டைக் கொண்டாடியது 2001இல். பெயர் வந்த நாளை விட்டுவிட்டு, தீர்மானம் போட்ட நாளையும் விட்டுவிட்டு, ஆறு பேர் உட்கார்ந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாக வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூரில் என்றால் அடிக்கல் நாட்டிய அமைச்சர் எந்தத் தேதியில் வந்தாரோ அதுதான் ஜாதகம்.

பிறகு ஹார்ப்பருக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். அவர் 1906இல், ஐம்பது வயது நிரம்புமுன் புற்றுநோயில் இறந்தார். 1965இல் சிகாகோவின் வடமேற்குப் புறநகரில் தொடங்கிய வேறொரு சமுதாயக் கல்லூரி முழுவதற்குமே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பிரவுன் 1919இல் டிகால்ப் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். பள்ளிக்கூடத்து மனிதர் அங்கேயும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களை உருவாக்கும் வேலையைத்தான் பார்த்தார்.

ஜோலியட்டின் முகவரியில் இருக்கும் பெயர் இந்த இருவருடையதும் அல்ல. ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டு இந்தக் கல்லூரிக்குச் சொந்த வளாகமே கிடையாது. 1967இல் தனிக் கல்லூரி மாவட்டமாகி, பின் ஊருக்கு மேற்கே இடம் வாங்கிக் குடிபோனது. அந்தச் சாலையின் பெயர் ஹூபோல்ட் சாலை. ஜான் ஹூபோல்ட் அயோவாவில் 1919இல் பிறந்து ஜோலியட்டில் வளர்ந்த விவசாயி மகன். 1930களின் பிற்பகுதியில், கல்லூரி பள்ளிக் கட்டடத்தில் ஒண்டியிருந்த நாளில் அங்கே படித்துவிட்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கட்டடப் பொறியியல் முடித்தவர். பிறகு நாசாவில் பொறியாளர்.

நிலவுக்கு ஆளை அனுப்பியே தீருவது என்று அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் அறிவித்துவிட்டார். எப்படி என்பதில்தான் சண்டை. பிரம்மாண்ட ராக்கெட் ஒன்றை நேரே நிலவில் இறக்கித் திரும்ப எழுப்புவது ஒரு வழி. பூமிச் சுற்றுப்பாதையில் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிப் போவது இன்னொரு வழி. ஹூபோல்ட் பிடித்துக்கொண்டது மூன்றாவது வழியை. பெரிய கலத்தை நிலவைச் சுற்றிக்கொண்டே இருக்க விட்டுவிடுவோம். ஒரு சின்னக் கலம் மட்டும் இறங்கிப் போய் வரட்டும். கப்பலைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம், வள்ளத்தை இறக்கினால் போதும் என்று நம் மீனவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார். எடை வெகுவாகக் குறையும். ஆனால் அத்தனை தொலைவில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க வேண்டும். தவறினால் காப்பாற்ற யாருமில்லை. பெரியவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1961 நவம்பரில் ஹூபோல்ட் தன் மேலதிகாரிகள் அத்தனை பேரையும் தாண்டி, நாசாவின் உயர் நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். நம் அலுவலகங்களில் ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’ என்று ஒன்று உண்டல்லவா, அதை மீறினால் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே நடந்தது வேறு. 1962 ஜூலையில் நாசா அந்த வழியையே தேர்ந்தது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது அந்த வள்ளத்தில்தான்.

இன்று ஜோலியட்டில் செவிலியர் படிப்புக்கோ கார் பழுதுபார்க்கும் படிப்புக்கோ விண்ணப்பம் போடும் பிள்ளை, கவரின்மேல் அந்தப் பெயரை எழுதுகிறது. அந்தக் கவரில் இருப்பது வந்து திறந்துவைத்தவர் பெயர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்தவர் பெயர்.

சிகாகோ நகருக்குள் இன்னொரு கதை. இதைச் சுருக்கிச் சொல்கிறேன், சுவை குறைவு என்பதால் அல்ல, நேரம் குறைவு என்பதால். 1911இல் கிரேன் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளிக்குள் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. ரிச்சர்ட் கிரேன் குழாய்களும் வால்வுகளும் செய்து கோடீஸ்வரரானவர். உயர்கல்வியே வீண் செலவு, அதனால் உருப்பட்டவன் எவனுமில்லை என்று புத்தகம் போட்டுத் திட்டித் தீர்த்தவரும் அவரே. அவர் பெயர் தாங்கிய பள்ளிக்குள்ளேயே கல்லூரி முளைத்தது. 1933இல், பெருமந்தத்தில் நகரத்திடம் பணமில்லாமல் அதை மூடினார்கள். மறு ஆண்டு அருகிலிருந்த ஒரு பள்ளியில் அது மீண்டும் முளைத்தபோது, அந்தப் பள்ளியின் பெயரான ஹெர்ஸல் கல்லூரிக்கும் ஒட்டிக்கொண்டது. யூத தேசிய இயக்கத்தின் தலைவர் தியடோர் ஹெர்ஸல். அந்தப் பேட்டையில் அன்று யூதர்கள் நிறைந்திருந்தார்கள். பிறகு அவர்கள் வேறு பகுதிகளுக்குப் போக, கறுப்பின மக்கள் குடிவந்தார்கள். கல்லூரி மறுபடி கிரேன் ஆனது. 1969இல் மாணவர்களும் பேட்டை மக்களும் கேட்டுப் பெயரை மாற்றினார்கள்: மால்கம் எக்ஸ் கல்லூரி.

கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் சுடப்பட்டு இறந்து அப்போது நான்கே ஆண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் படியெடுத்துத்தான் தன்னைப் படிக்க வைத்துக்கொண்டார். கல்லூரியே வேண்டாம் என்ற பணக்காரரின் பெயர் இருந்த இடத்தில், கல்லூரிப் படியே ஏறாமல் படித்தவரின் பெயர் வந்து உட்கார்ந்தது. ஒரு கல்லூரியின் பெயர் மாறிய வரிசையை வைத்தே அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். பெயர்மாற்றம் என்றாலே வெறும் அரசியல் என்று நாம் முகம் சுளிக்கிறோம். சுளிக்க வேண்டிய நேரமும் உண்டுதான். ஆனால் பலகையைக் கழற்றச் சொன்னவர்கள் அதே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்றால் நான் கொஞ்சம் நின்று கேட்பேன்.

மூன்றாவதாக நியூயார்க். பிராங்ஸ் பகுதியின் தென்பாதி, கிராண்ட் கான்கோர்ஸ் என்ற அகலமான சாலை, 149ஆம் தெரு முனை. 1970 செப்டம்பரில் அங்கே ஒரு பழைய டயர்த் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. பெயர் எவுஹேனியோ மரியா தே ஓஸ்தோஸ் சமுதாயக் கல்லூரி. அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களில் பெரும்பகுதியினர் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள், மற்றவர்களில் பலர் கறுப்பின மக்கள். முந்தைய ஆண்டு, இந்தக் கல்லூரியும் அடங்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் நடத்திய போராட்டத்தால் சேர்க்கை விதிகளே மாறிக்கொண்டிருந்த காலம்.

யார் இந்த ஓஸ்தோஸ்? 1839இல் அந்தத் தீவில் பிறந்தவர். தீவு அப்போது ஸ்பெயினின் குடியேற்ற நாடு. விடுதலைக்காகப் பேசியும் எழுதியும் ஸ்பெயின், நியூயார்க், பெரு, சிலி என்று அலைந்தார். 1873இல் சிலியில் பெண்களுக்கும் அறிவியல் கல்வி வேண்டும் என்று அவர் பேசியது பெரிய வாதத்தைக் கிளப்பியது. டொமினிகன் குடியரசில் 1880இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1898இல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. எஜமானர் மாறினாரே தவிர விடுதலை வரவில்லை. 1903இல் சாந்தோ தொமிங்கோவில் இறந்தார். தன் தீவு முழுச் சுதந்திரம் பெற்றால் மட்டுமே தன் எலும்புகளை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கடைசி விருப்பம். இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறார்.

அமெரிக்காவுக்குள் ஒரு கல்லூரி, அமெரிக்கக் கொடியின் கீழ் கிடக்க மாட்டேன் என்று தன் உடலையே வெளியே வைத்துக்கொண்ட ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருக்காது. அங்கே இருமொழியில் வகுப்பு. ஸ்பானிய மொழியில் பாடத்தைத் தொடங்கிக்கொண்டே ஆங்கிலம் கற்றுக்கொள்ளலாம்; ஆங்கிலம் வந்த பிறகுதான் உயிரியல் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்வழிப் பட்டப்படிப்பில் பாடம் எடுத்த எனக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பொருள் புரிந்த பையன் சொல் வராமல் நிற்பதை நான் இருபது ஆண்டு பார்த்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகூட ஆகவில்லை, நகரம் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. 1976இல் செலவைக் குறைக்க, ஓஸ்தோஸ் கல்லூரியை மூடிப் பக்கத்துக் கல்லூரியோடு இணைத்துவிடலாம் என்று முடிவு வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து கட்டடத்தைக் கைப்பற்றி, ஏறத்தாழ இருபது நாள் உள்ளேயே இருந்தார்கள். கடைசியில் போலீஸ் வந்து கைதுசெய்து கூட்டிப்போனது. ஆனால் கல்லூரியை மூட முடியவில்லை. அதைக் காப்பாற்றும் சட்டம் அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1847 முதல் 129 ஆண்டாக இருந்துவந்த இலவசக் கல்வியை அதே ஆண்டில் நகரப் பல்கலைக்கழகம் இழந்தது. கல்லூரி பிழைத்தது, கட்டணம் வந்தது.

அந்த முற்றுகையைக் கல்லூரி இன்று தன் வரலாற்றின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. எந்த நிர்வாகமும் தன் கட்டடத்தை மாணவர்கள் பூட்டிக்கொண்ட நாளை நினைவுகூர விரும்பாது. நம் கல்லூரிகளின் மலர்களில் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டுகள் எப்படி ஒரே வரியில் தாண்டிப் போகும் என்று புரட்டிப் பாருங்கள். ஓஸ்தோஸுக்கு வேறு வழியும் இல்லை. அந்த இருபது நாளை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் கல்லூரியே இல்லை.

கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் அங்கே ஒரு விதவைத் தாய் படித்தார். செலினா சோட்டோமேயர். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்து வந்தவர். கணவர் இறந்தபோது மூத்த மகளுக்கு ஒன்பது வயது. ஒரு சின்ன மருத்துவமனையில் உதவிச் செவிலியராக வேலை பார்த்து, அக்கம்பக்கத்தில் யாரும் வாங்காத கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தவணையில் வாங்கிப் பிள்ளைகளுக்கு வைத்தார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு தானும் ஓஸ்தோஸில் சேர்ந்து பதிவுபெற்ற செவிலியர் ஆனார். மகன் மருத்துவர். மகள் சோனியா 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. பட்டமளிப்பு மேடைக்கு நீதிபதியை அழைப்பது எந்தக் கல்லூரிக்கும் தோன்றும். மாணவர் பட்டியலில் இருப்பது அம்மா.

நம் பக்கத்துக்கும் இந்த விதை வந்திருக்கிறது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்கியது. மறு ஆண்டு சென்னையில் இன்னொன்று. அதை முன்னெடுத்தவர்களில் இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் முக்கியமானவர். பின்னர் நாட்டின் பல மூலைகளுக்கும் இதைக் கொண்டுபோனார். பள்ளியை நடுவில் விட்டவர்களுக்கும் திறன் சான்றிதழ் என்று இங்கே அது வேறு உருவம் எடுத்தது. அங்கே போலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குத் தாவும் கதவு இங்கே போதுமான அளவு திறக்கவில்லை என்பது என் குறை. அந்தக் கல்லூரிகளுக்கும் முப்பது வயதாகிவிட்டது. மலர் போடும் வயது. பதிவேடுகளை அதற்குமுன் யாராவது வெயிலில் காயப்போட்டு எடுத்துவைத்தால் தேவலை.

நேரமாகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்காமலே எனக்குப் புரியவைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. இன்று மதியம் உங்கள் அலுவலகத்துக்குப் போய், இந்தக் கல்லூரியின் முதல் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறதாம், மாடி அறையில், மரப்பெட்டியில். பெட்டிச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார்கள். நான் செவ்வாய் வரை ஊரில்தான் இருக்கிறேன்.